மாடி நெல்லுக்கு வீட்டிலேயே உமி நீக்கம்: ரப்பர் தகடு கைகொடுத்தது

மொட்டை மாடித் தொட்டியில் விளைந்த கறுப்புக்கவுனி நெல்லை, ஆலை வாசலை மிதிக்காமல், கறுப்புத் தோல் சிதையாமல், முழு மணியாக அரிசியாக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்தத் தை அறுவடையில் கைகூடிவிட்டது. மாடியில் நெல் போடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை. நாற்று விட்டது, நட்டது, குருவிக்கு வலை கட்டியது எல்லாம் எல்லோரும் செய்வதுதான். உமி நீக்கியதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

இந்த முறையும் இரண்டு ரகம். தூயமல்லி தினசரிச் சோற்றுக்கு. கவுனி முழுக்க முழுக்க ஆசைக்கு. இரவே ஊறப்போட்டு வேகவைத்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துச் செட்டிநாட்டு வீடுகளில் செய்வார்களே, அந்தக் கவுனி அரிசிக்கு ஈடான இனிப்பு எனக்கு வேறு இல்லை. தொட்டி நெல் வருடம் முழுக்கச் சோறு போடாதுதான். ஆனால் தூர் கட்டியதிலிருந்து பால் பிடித்து முற்றியது வரை பக்கத்திலேயே நின்று பார்த்த நெல்லைச் சோறாக்கித் தின்னும்போது, இத்தனை காலம் நம்மை உயிரோடு வைத்திருப்பது எது என்பது கையில் படுகிறது. அதற்காகவே இதை விடாமல் செய்கிறேன்.

ஆலைக்கு ஏன் போகவில்லை? சில கிலோ நெல்லுக்காக இயந்திரத்தை ஓட்ட முடியாது என்பார்கள். அது நியாயமும்கூட, முன்னால் ஓடியவர் நெல்லும் நம் நெல்லும் கலந்துதான் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், ஹல்லர் என்கிற பழைய அரைவை இயந்திரத்தில் உமியும் தவிடும் சேர்ந்தே போய்விடும். கவுனியின் கறுப்பு முழுக்கத் தவிட்டுத் தோலில் இருக்கும் ஆந்தோசயனின் நிறமிதான். தோல் போனால் கவுனியே போன மாதிரி. கல் உரலும் உலக்கையும் அதையேதான் செய்தன. தூயமல்லி ஓரளவு தேறியது. கவுனி அங்கங்கே தோல் உரிந்து, குருணை கூடிப் போனது. தவிர, மாடி வீட்டில் உலக்கை போட்டால் கீழ் வீட்டில் பாத்திரம் குலுங்குகிறது.

பெரிய ஆலைகளில் இப்போது இருப்பது ரப்பர் ரோலர். இரண்டு உருளைகள் எதிரெதிர்த் திசையில், வெவ்வேறு வேகத்தில் சுற்றும். நெல்லின் ஒரு பக்கத்தை ஒன்று முன்னே இழுக்க, மறு பக்கத்தை இன்னொன்று பின்னுக்குப் பிடிக்க, உமி இரண்டாகப் பிளந்து கழன்றுவிடும். அடியும் இல்லை, நசுக்கலும் இல்லை. அந்த இழுப்பு மட்டும் கிடைத்தால் போதும், உருளையே வேண்டும் என்பதில்லை. நம் ஊரில் வரகுக்கு மண் திருகை வைத்திருந்ததும் இதே காரணத்துக்குத்தான். கல்லின் முரட்டுத்தனம் தானியத்தில் படாமல், உமி மட்டும் தேய்ந்து கழல வேண்டும்.

அதனால் கையால் சுற்றும் வார்ப்பிரும்பு மாவு அரைவை ஒன்றை எடுத்துக்கொண்டேன். நிற்கும் தட்டின் மேல் ரப்பர் தகடு. சுழலும் தட்டு இரும்புதான், வரியை மட்டும் இரும்பு தேய்க்கும் கிரைண்டரில் மழுங்கடித்தாயிற்று. எழுதும்போது இரண்டு வரியில் முடிகிறது. எந்த ரப்பர் என்பதில்தான் மாதக்கணக்கில் ஓடியது. சைக்கிள் டியூப் ரொம்ப மெத்து. நெல் உள்ளே அமுங்கி உமியோடு அப்படியே வெளியே வந்துவிடுகிறது. கார் டியூப் கறுப்பாக இழுசுகிறது, அரிசியில் வாடையும் ஏறுகிறது. கடைசியில் காங்கேயத்தில் அரிசி ஆலை உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றில் உணவுத் தரத்தில் வெள்ளை நைட்ரைல் ரப்பர் தகடு கிடைத்தது. நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத கெட்டி. அந்தப் பக்கம் அரிசி ஆலைகள் நிறைய என்பதால் இந்த மாதிரிச் சாமான் தேட நல்ல இடம். சின்னத் துண்டு கேட்டாலும் முகம் சுளிக்காமல் வெட்டிக் கொடுத்தார்கள். பசை போட்டு ஒட்டவில்லை. சாப்பிடுகிற பொருள் படும் இடம் என்பதால் எவர்சில்வர் திருகாணிகளைத் தகட்டுக்குள் தலை அமுங்கும்படி முடுக்கியிருக்கிறேன்.

அடுத்தது இடைவெளி. இரண்டு தட்டுக்கும் நடுவே நெல்மணியின் பருமனைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். என் தூயமல்லிக்கு, இடுக்கில் செருகி அளக்கும் ஃபீலர் கேஜில் 1.5 மி.மீ. சரியாக வந்தது, கவுனிக்கு 1.7. ஒரு நூல் இறுக்கினால் குருணை, ஒரு நூல் தளர்த்தினால் நெல். இதில் என்னை வாட்டி எடுத்தது தண்டின் ஆட்டம். கடையில் வாங்கும் அரைவையில் தண்டு லொடலொடவென்றுதான் இருக்கும். மாவுக்கு அது போதும். இங்கே தட்டின் ஒரு ஓரம் அரிசியை உடைக்கிறது, எதிர் ஓரம் நெல்லைத் தொடாமல் விடுகிறது. எப்படித் திருகி வைத்தாலும் இதே கதை. திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில், தண்டைச் சுற்றிப் பிடிக்கும் புஷ் ஒன்றைக் கன்மெட்டல் என்கிற வெண்கலக் கலவையில் கடைந்து போட்ட பிறகுதான் தட்டு நேராகச் சுற்றியது. அந்த வேலைக்காரர் தண்டைக் கையில் வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு தடவை உருட்டிப் பார்த்தே கோணல் எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டினார். அந்தக் கைக்குக் கும்பிடு போட வேண்டும்.

இயந்திரம் சரியானாலும் நெல் சரியாகக் காயாவிட்டால் எல்லாம் வீண். சுமார் 14 சதவீத ஈரப்பதம் என்பது கணக்கு. பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. உச்சி வெயிலில் போட்டு அவசரமாகக் காயவைத்தால் உமிக்குள்ளேயே அரிசி விரிசல் விட்டுவிடும். உமி நீக்கிய தூயமல்லி மணியை டார்ச் வெளிச்சத்தின் மேல் பிடித்துப் பாருங்கள்; விரிசல் விட்டிருந்தால் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரியும். அந்த மணி எந்த இயந்திரத்திலும் தப்பாது. கவுனியில் வெளிச்சம் ஊடுருவாததால் இந்தச் சோதனை செல்லாது. ஆகவே இரண்டையும் ஒன்றாக நிழலில் உலர்த்தி, தூயமல்லியைப் பார்த்துக் கவுனிக்கும் முடிவு எடுக்கிறேன்.

பலன்: ஒரு கிலோ தூயமல்லி போட்டதில் 710 கிராம் முழு அரிசி, 50 கிராம் குருணை. நெல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியே என்பதால் இது அருமையான தேர்ச்சி. கவுனி இன்னும் நன்றாக வந்தது. விரலால் நிரவினால் ஒவ்வொரு மணியும் கருநாவல் நிறத்தில் மினுங்குகிறது. முதல் ஓட்டத்தில் பாதிக்கு மேல் உமி கழலும், மிச்சத்தைப் பிரித்து மறுபடி விட வேண்டும். பிரிக்க முறம்தான். ஊதுகாற்றுக்கு மேசை விசிறி வைத்தாலும் நெல்லையும் அரிசியையும் விசிறி பிரிக்காது. முறத்தை வட்டமாகச் சுழற்றிக் கொழித்தால் நெல் மேலே ஏறி நடுவில் கூடும், அள்ளிக்கொள்ளலாம். காந்தி மார்க்கெட் பக்கம் வாங்கிய மூங்கில் முறம் அடர்த்தியான பின்னல். பிளாஸ்டிக் முறத்தில் அரிசி வழுக்கி ஓடுகிறது, வாங்காதீர்கள்.

விதை விஷயம். 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களை மீட்டவர். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கும் விவசாயி மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற வழக்கத்தை ஏற்படுத்தினார். எனக்குக் கிடைத்ததும் அப்படி வாங்கிப் பெருக்கிய ஒரு நண்பர் கையிலிருந்து ஒரு பிடி. கணக்குப்படி இரண்டு பிடி அவருக்கு, ஒரு பிடி அடுத்த ஆவணிக்கு. நல்ல கதிர்களாகப் பார்த்து எடுத்து மண்கலயத்தில் கட்டி வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை அரைவையில் போட்டேன்.

இன்னும் நாலைந்து கிலோ தூயமல்லி நெல்லாகவே கிடக்கிறது. கொழித்து முடிக்கும் முன்பே மனசு அடுத்ததற்கு ஓடிவிட்டது. அதில் பாதியைப் புழுக்கிப் பார்க்கப் போகிறேன். ஊறவைத்து ஆவியில் புழுக்கும்போது மாவுச்சத்து இளகி, இருக்கிற விரிசலும் ஒட்டிக்கொள்ளும். உமியும் லேசாக வாய் திறந்துகொடுக்கும். அப்படியென்றால் 1.5 மி.மீ. இடைவெளியை இன்னும் தளர்த்தலாம் என்று தோன்றுகிறது. இட்லிப் பானையில் துணி விரித்து அரைக் கிலோவாகத் தொடங்குவேன். அதற்குள் சேர்ந்திருக்கும் குருணையைப் பூண்டும் வெந்தயமும் போட்டுக் கஞ்சி வைத்துத் தீர்க்க வேண்டும். தவிடு போகாத குருணை, வெளியே வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும்.