அப்பாவின் கன்னம் கறுத்த இரவு

பாம்பனில் மீன் விற்கும் என் அம்மா, செவுளைப் பார்த்தே மீன் கரைக்கு வந்து எத்தனை நேரமாகிறது என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண்தான் அப்பாவின் கன்னத்தைக் காப்பாற்றியது என்பேன். மருத்துவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

முப்பது வருடம் புகையிலை அடக்கிய கன்னத்தில் புற்றுநோய். மதுரையில் ஒரு மருத்துவமனையில் கன்னத்தையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். தொடையிலிருந்து தோலையும் சதையையும் இரத்தக் குழாய்களோடு வெட்டி வந்து கன்னத்தில் வைத்து, அந்தக் குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைத்தார்கள். கையெழுத்து வாங்கும்போது, குழாய்க்குள் இரத்தம் உறையலாம் என்றும் சொன்னார்கள். புற்றுநோய்ப் பயத்தில் அது என் காதில் ஏறவில்லை.

மணிக்கொரு முறை ஒட்டுச்சதையின் நிறத்தையும் சூட்டையும் பார்த்து, ஊசி முனையால் குத்திச் சோதித்தார்கள். நல்ல சிவப்பாக இரத்தம் துளிர்க்க வேண்டும். சதை வெளுத்தால், இரத்தத்தைக் கொண்டுவரும் குழாயான தமனி அடைத்திருக்கிறது. ஊதா பூத்தால், இரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரை. மறுநாள் இரவு ஐந்து நிமிடம் எங்களை உள்ளே விட்டபோது அம்மா, "சிஸ்டர், காலையில் இப்படி இல்லையே. செவுள் கறுத்த மாதிரி இருக்கிறது" என்றாள். சிஸ்டர் குத்தினார். கறுப்பாகக் குபுகுபுவென்று வழிந்தது.

உடனே மறுபடி தியேட்டர். சிரைக்குள் இருந்த உறைவை எடுத்துவிட்டுத் திரும்பத் தைத்தார்கள். விடியும்வரை விட்டிருந்தால் சதை செத்திருக்கும் என்றார் மருத்துவர். பிறகு ஹெப்பாரின் என்ற மருந்து, இரத்தம் உறையாமலிருக்க. அதிலும் இருதலைக்கொள்ளி: அதைக் கொடுத்தால் கழுத்துக்குள் இரத்தம் கசிந்து தேங்கலாம். கழுத்திலிருந்து வடியும் புட்டியில் எத்தனை மில்லி என்பதே அதன்பின் எங்கள் பேச்சு.

தொடை வலிக்கு அஞ்சி அப்பா நடக்கவே இல்லை. காலில் இரத்தம் உறையாமலிருக்கப் போட்ட இறுக்கக் காலுறையையும் புழுக்கம் என்று கழற்றிவிட்டார். பேச முடியாதவரிடம் என்ன சண்டை போடுவது என்று விட்டது என் தவறு. ஆறாம் நாள் கெண்டைக்கால் வீங்கியது; இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், காலுக்குள் ஆழத்தில் ஓடும் சிரையில் உறைவு. நுரையீரலுக்கு ஏறிவிட்டால் உயிருக்கே ஆபத்தாம். மூன்று மாதம், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துத் தினமும் இரண்டு ஊசி. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. நான் தேய்த்தேன்; வயிறெல்லாம் கன்றிப்போனது.

ஊர் திரும்பும்போது காரை நிறுத்தி நிறுத்தி நடக்கவைக்கச் சொல்லியிருந்தார்கள். மானாமதுரையில் முறைத்தார். பரமக்குடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாம்பன் பாலம் வந்ததும் தானே கதவைத் தட்டினார்.