அப்பத்தாவின் தந்தி

காரைக்குடி வீட்டைப் பற்றி முதலில் எழுதியபோது பர்மா தேக்கு, ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு என்று ஒன்று விடாமல் அடுக்கினேன். என் தங்கையே பாதியில் நிறுத்திவிட்டாள். சுற்றுலாக் கையேடு படிப்பது போல இருக்கிறதாம்!

அப்பத்தா கதை சொல்லும் முறையே வேறு. "இரண்டாம் கட்டில் மாவடு போட்டுக்கொண்டிருக்கிறேன், வாசலில் தந்திக்காரர்" என்பார். உடனே வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, நிதானமாகச் சுண்ணாம்பு தடவத் தொடங்கிவிடுவார். தந்தியில் என்ன இருந்தது என்று நாங்கள் மூன்று முறை கேட்ட பிறகுதான் ரங்கூன் வரும், 1942 வரும், குண்டுவீச்சுக்குத் தப்பி ஐயா நடந்தே கிளம்பியது வரும். நானாக இருந்தால் முதல் வரியிலேயே கொட்டியிருப்பேன். பழைய வியாதி.

இந்த முறை வீட்டை விட்டுவிட்டு ஒரே ஒரு கல்லை எடுத்துக்கொண்டேன். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். எல்லாம் கைவேலை. எங்கள் முகப்பில், மூன்றாம் வரிசையில், சிவப்பு இதழ் ஒன்றில் பச்சை சிந்தியிருக்கிறது. யாருடைய கை நடுங்கியதோ, அங்கிருந்து தொடங்கினேன்.

நேற்று இரவு தங்கை தொலைபேசியில் கேட்ட ஒரே கேள்வி: "அப்புறம்?"