பித்தக்கானுக்குப் பின்னால் ஒரு துடிப்பு

மலையகத்து வைத்தியசாலையொன்றில் சத்திரசிகிச்சைப் பயிற்சியில் இருந்த காலம். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் கண்ணும் உடம்பும் மஞ்சள் பூத்து, அரிப்புத் தாங்காமல் வந்து சேர்ந்தார். சதையியின் (கணையத்தின்) தலையில் கட்டி, ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பித்தக்கானை நெரித்துக்கொண்டிருந்தது. சதையித் தலையையும் பித்தக்கானின் கீழ்ப்பகுதியையும் அகற்றி, மிஞ்சிய பித்தக்கானைக் குடலோடு தைக்க வேண்டும்; 1935 இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் அலன் விப்பிள் வெளியிட்ட முறையின் வழிவந்த அந்த நீண்ட சத்திரசிகிச்சைதான் வழி என்று முடிவானது.

ஸ்கேன் அறிக்கையில் கட்டியைப் பற்றி விரிவாக இருந்தது. இரத்தம் கொண்டுபோகும் நாடிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நானும் அறிக்கையை வாசித்தேனே தவிர, படங்களைப் புரட்டவில்லை.

தியேட்டரில் பித்தக்கானுக்குப் பின்னால் கவ்வியை நுழைக்கப்போனேன். எதிரே நின்ற மூத்தவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"முதலில் விரலை வையுங்கள்."

இடது சுட்டுவிரலைப் பின்புறம் செலுத்திப் பெருவிரலை முன்னால் வைத்தேன். பித்தக்கானின் பின்னால், வலப்பக்கமாக, டக் டக்கென்று ஒரு துடிப்பு. எனக்கு வியர்த்துவிட்டது.

ஈரலின் வலப்பாதிக்குப் போகும் நாடி அது. வழக்கமாக மேலே, ஈரலின் பொது நாடியிலிருந்து கிளைக்க வேண்டியது. இவருக்கோ கீழே, குடலுக்குப் போகும் பெருங்கிளையிலிருந்து புறப்பட்டு, சதையித் தலையின் முதுகோடு ஒட்டி ஏறியிருந்தது. பத்தில் ஒருவருக்கு ஏறக்குறைய இப்படித்தான். 1966 இல் உடற்கூற்றியலாளர் மிசெல்ஸ் 200 உடல்களை அறுத்துப் பார்த்து எழுதியபோது, பாடப்புத்தகத்துப் படம் 55 சதவீதத்தினரிடமே இருந்தது. மீதிப் பேரை 'விதிவிலக்கு' என்பது கொஞ்சம் அதிகம்தான்.

அதை வெட்டியிருந்தால்? ஈரல் ஒருவாறு சமாளிக்கலாம். பித்தக்கான் சமாளிக்காது. கீழிருந்து வரும் இரத்தத்தை நாமே நிறுத்திவிடுகிறோம். மிஞ்சிய மேல்துண்டு அந்த வலது நாடியைத்தான் நம்பியிருக்கிறது. அதுவும் போனால், குடலோடு தைத்த இணைப்பு அழுகிப் பித்தம் கசியும். சிவப்பு ரப்பர் நாடாவை அந்த நாடியைச் சுற்றிப் போட்டு, கட்டியிலிருந்து அங்குலம் அங்குலமாக உரித்தெடுத்தோம்.

மாலையில் அவருடைய கணவருக்கு ஒரு தாளில் வரைந்து காட்டினேன். தோட்டத்துக் குடிநீர்க் குழாய்களைப் பார்ப்பவர் அவர்.

"எங்கள் லயத்து வீடுகளுக்கும் அப்படித்தான் ஐயா. மேல் தொட்டித் தண்ணீர் என்றே நினைத்திருந்தோம். ரோடு வெட்டும்போது கீழ் டிவிசன் குழாயை உடைத்தார்கள், எங்கள் பைப்பில் தண்ணீர் நின்றுபோனது."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அவள் எப்போது சோறு சாப்பிடலாம் ஐயா?"