கிணற்று நீச்சலிலிருந்து லேன் நீச்சலுக்கு: இதுவரை பிடிபட்டவை

கணியம்பாடிப் பக்கம் விவசாயக் கிணறுகளில் நீச்சல் பழகியவர்களுக்குத் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலேதான் இருக்கும். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிடும்போதே வந்துவிடும் பழக்கம் அது. கிணற்றில் அது தேவையும்கூட. மேலிருந்து எவன் குதிக்கிறான், படி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமே. வேலூரில் 25 மீட்டர் குளத்தில் ஃப்ரீஸ்டைல், அதாவது குப்புறப் படுத்துக் கைகளை மாறி மாறி வீசும் நீச்சல், பழக ஆரம்பித்ததும் முதலில் விட வேண்டியிருந்தது இதைத்தான்.

நுரையீரலில் காற்று இருப்பதால் மார்பு மிதக்கும், கால் அமிழும். தலையைத் தூக்கினால் கால் இன்னும் கீழே போய்விடும். அப்புறம் உடம்பு சரிவாக நின்று, எதிரே வரும் தண்ணீரையெல்லாம் மார்பால் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். "அண்ணா, முன்னாடி பாக்காதீங்க. தரையில இருக்கிற கருப்புக் கோட்டைப் பாருங்க" என்றார் பயிற்சி தரும் தம்பி. பார்வை கீழே போனதுமே இடுப்பு மேலே வந்துவிட்டது.

அதிக நாள் பிடித்தது மூச்சு. முகத்தைத் திருப்பும் ஒரு நொடிக்குள் பழைய மூச்சை விட்டு, புது மூச்சையும் இழுக்க நேரம் கிடையாது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்கிலும் வாயிலும் குமிழி விட்டுக்கொண்டே வந்தால், திரும்பும்போது இழுப்பது மட்டும்தான் வேலை. அடக்கி வைத்தால் கரியமில வாயு உள்ளே சேர்ந்து இரைக்கத் தொடங்கிவிடும். புதிதாக வருபவர்கள் பலர் குளத்தின் பாதியில் நின்றுவிடுவது கை வலியால் அல்ல, இதனால்தான் என்று நினைக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு முங்கி முங்கிக் குமிழி விடும் பயிற்சியைச் சின்னப் பிள்ளைகளுக்கானது என்று ஒதுக்க வேண்டாம். தலையைத் தனியாகத் திருப்பாமல், தோளும் இடுப்பும் உருளும்போது கூடவே திருப்ப வேண்டும். நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் சரியாகத் திரும்பியிருக்கிறோம்.

இனி பலகைக்கு வருகிறேன். காலை ஆறு மணி பேட்ச்சுக்குப் பலகையில் இப்படி எழுதியிருக்கும்: 8 × 50 @ 1:30. ஐம்பது மீட்டர், அதாவது போய்த் திரும்புவது, எட்டு முறை. 1:30 என்பது ஓய்வு நேரமில்லை. ஒரு முறை கிளம்பியதிலிருந்து அடுத்த முறை கிளம்பும் வரை உள்ள மொத்த நேரம். 1:10இல் முடித்தால் 20 நொடி மூச்சு வாங்கலாம், 1:25 ஆகிவிட்டால் ஐந்தே நொடி. சுவரில் இருக்கும் பெரிய நொடிக் கடிகாரத்தில் முள் 60இல் வரும்போது கிளம்பினால் அடுத்தது 30இல், அதற்கடுத்தது மறுபடி 60இல். முதல் ஐம்பதை வேகமாக அடித்துவிட்டால் பின்னால் உள்ளவை தள்ளாடும். எட்டில் ஒவ்வொன்றையும் ஒரே அளவு நேரத்தில் முடிப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். 'ரெஸ்ட் 20' என்று எழுதியிருந்தால் கணக்கு வேறு: எவ்வளவு நேரத்தில் வந்தாலும் 20 நொடி ஓய்வு உண்டு. ஆரம்பத்தில் இதுதான் நல்லது.

'கிக்' என்று எழுதியிருந்தால் மிதவைப் பலகையைப் பிடித்துக் கால் மட்டும். முட்டியை மடக்கிச் சைக்கிள் மிதிக்காமல், இடுப்பிலிருந்து அடிக்க வேண்டும். கணுக்கால் தளர்வாக இருக்கட்டும். 'புல்' என்றால் தொடைகளுக்கு நடுவே நுரை மிதவையை இடுக்கிக்கொண்டு கை மட்டும். 'கேட்ச்-அப்' பயிற்சியில் ஒரு கை முன்னால் நீட்டியபடி காத்திருக்கும், மற்ற கை வந்து சேர்ந்த பிறகுதான் இழுக்கும். எனக்கு அதிகம் பலன் தந்தது இதுதான். நீட்டிய கையில் சறுக்கிப் போவது எப்படி என்று உடம்புக்கே புரிகிறது. 25 மீட்டருக்கு 28 கை போட்டுக்கொண்டிருந்தவன் இப்போது 22இல் முடிக்கிறேன், நேரமும் கூடவில்லை.

மூன்று கைக்கு ஒருமுறை மூச்சு, அதாவது இருபக்கமும் மாறி மாறி எடுப்பது, இன்னும் முழுதாக வரவில்லை. வலப்பக்கம் சுகமாக இருக்கிறது, இடப்பக்கம் திரும்பினால் இடுப்பு வளைகிறது. அதனால் வார்ம்-அப்பில் மட்டும் இடப்பக்கமாகவே எடுத்துப் பழகுகிறேன். இது நிலைத்ததும் 1:30ஐ 1:25 ஆக்கலாம் என்று பயிற்சி தரும் தம்பி சொல்லியிருக்கிறார். ஃப்ளிப் டர்ன், அதாவது சுவருக்கருகே தண்ணீருக்குள் குட்டிக்கரணம் போட்டுத் திரும்புவது, அதற்கப்புறம்தான்.