28 பக்கமுள்ள ஊர்

சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் கண் முதலில் எல்லைக்கோட்டுக்குத்தான் போகும். புதுச்சேரிக்காரனுக்குக் கோணல் எல்லை புதிதல்ல. தமிழ்நாட்டுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறவர்கள் நாம். ஆனால் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி நகர வரைபடம் வேறு ரகம்.

1957 வரை அந்த ஊரின் எல்லை சதுரம். அந்த ஆண்டு மாநிலச் சட்டமன்றம் அதை 28 பக்கம் கொண்ட உருவமாக மாற்றியது. சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேர் தவிர மற்ற அனைவரும் ஊருக்கு வெளியே போனார்கள். வீடு வாசல் அப்படியே இருந்தது. ஊர்தான் அவர்களை விட்டு விலகியது; நகரத் தேர்தலில் இருந்த ஓட்டும் கூடவே போனது. வெள்ளைக்கார வாக்காளர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. இந்தக் கோட்டை வரைந்த கைக்கு, எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பது தெரியாமலா இருந்திருக்கும்? கோமிலியன் என்ற பேராசிரியர் வழக்குத் தொடுத்தார். குற்றச்சாட்டு நிரூபணமானால் அந்தச் சட்டம் செல்லாது என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

அவ்வளவு கோணலாக வரைந்தால் யார் கண்ணிலும் படும். நேர்கோட்டில் செய்வதுதான் கெட்டிக்காரத்தனம். அதே அலபாமாவில் மக்கள்தொகையில் 27 சதவீதம் கறுப்பினத்தவர். நாடாளுமன்றத் தொகுதிகள் ஏழு. 2021-ல் வரைந்த வரைபடத்தில் அவர்கள் பெரும்பான்மையாக இருந்தது ஒரே ஒரு தொகுதியில். 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தைக் காட்டி 2023-ல் நீதிமன்றம் குறுக்கிட்ட பிறகே இரண்டாவது தொகுதிக்கு வழி பிறந்தது.

நம் ஊரில் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கோடே தேவைப்படவில்லை. 1884-ல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற இந்தியர், மீதமுள்ள இந்தியர். சில நூறு ஐரோப்பியர்களின் பட்டியலுக்கும் ஆயிரக்கணக்கானவர்களின் பட்டியலுக்கும் மன்றத்தில் சம இடம். 'ஆண்கள் எல்லாருக்கும் வாக்குரிமை' என்று பெருமை பேசிக்கொண்டே இதைச் செய்தார்கள். பட்டியல் முறை ஒழிய இரண்டாம் உலகப் போர் முடியவேண்டியிருந்தது.

எங்கள் நெட்டப்பாக்கம் தனித்தொகுதி. ஏம்பலம், ஊசுடு, திருபுவனை, நெடுங்காடு சேர்த்துப் புதுச்சேரி சட்டமன்றத்தின் 30 தொகுதிகளில் ஐந்து. "நம்மவர் நிற்க முடியவில்லையே" என்று டீக்கடையில் அலுத்துக்கொள்ளும் நண்பர் ஒருவர் இருக்கிறார். மற்ற 25 இடங்களில் தலித் ஒருவருக்கு எந்தக் கட்சி டிக்கெட் கொடுத்தது என்று கேட்டால் டீ ஆறிவிட்டது என்பார். இத்தனைக்கும் தனித்தொகுதியில் வேட்பாளர்தான் தலித். ஓட்டுப் போடுகிறவர்கள் அவர் உட்பட எல்லாரும்தான். 1932 பூனா ஒப்பந்தத்தின் பலன் அது. ஊர்த்தெருவைப் பகைத்துக்கொள்ளாதவரே ஜெயிக்க முடியும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2026-க்குப் பிந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத் தொகுதிகளை மறுபடி வரைவார்கள். வரைவு வெளியானதும் ஆட்சேபணை கேட்பார்கள். டில்லியில் யாருக்கு எத்தனை இடம் என்பதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. நான் பார்க்கப்போவது கோடு எந்தக் காலனியை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை. சந்தேகம் வந்தால் மனு எழுதிப் போடுவேன், சர்வே எண்ணோடு.