எட்வர்ட் - பெல்லா, கிறிஸ்டியன் - அனா

எட்வர்ட் - பெல்லா காதல் கதையான 'ட்வைலைட்', கிறிஸ்டியன் - அனா காதல் கதையான 'ஃபிஃப்டி ஷேட்ஸ்', இந்த ரெண்டு நாவல் தொடரையும் அடுத்தடுத்துப் படிச்சா ஒரே ஜோடி வீடு மாறிப் போன மாதிரியே இருக்கும். காரணம் இருக்கு. 'ட்வைலைட்' ரசிகர் புனைவா (அந்தக் கதையோட பாத்திரங்களை வச்சு ரசிகரே எழுதுற கதை) இணையத்துல ஆரம்பிச்ச கதைதான், பேரெல்லாம் மாறி 2011ல 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே'ன்னு புத்தகமாச்சு.

பேர் மாறுச்சு, சொந்தபந்தம் மாறல. ரெண்டு நாயகிகளோட அம்மாவும் மறுமணம் பண்ணி வேற மாநிலத்துல இருக்காங்க. ரெண்டு நாயகர்களும் தத்துப்பிள்ளைங்க, பியானோ வாசிப்பாங்க, வளர்த்தவங்கள்ல ஒருத்தர் டாக்டர். பெல்லாவை விரும்புற நண்பன் ஜேக்கப் இடத்துல, அனாவை விரும்புற நண்பன் ஹொசே. நாயகியோட அப்பாவும் இந்த நண்பனோட அப்பாவும் பழைய நண்பர்கள்ங்கிறது வரைக்கும் அப்படியே.

எனக்கு உறுத்துறது வேற. எட்வர்ட் ராத்திரி பெல்லா ரூமுக்குள்ள வந்து அவ தூங்குறதைப் பார்த்துக்கிட்டு இருப்பான். குடிச்சிட்டுப் பேசின அனாவை, கிறிஸ்டியன் அவ செல்போனை வச்சே கண்டுபிடிச்சு பாருக்கே வந்துடுவான். ரெண்டையும் அக்கறைன்னு ரசிக்க என்னால முடியல. அது வேவு பார்க்கிறது.

ஆனா பிரிவுல ரெண்டு ஜோடியும் வேற வேற. 'ட்வைலைட்' தொடரோட ரெண்டாம் பாகமான 'நியூ மூன்'ல எட்வர்ட்தான் விட்டுட்டுப் போறான். அக்டோபர், நவம்பர்னு மாசப் பேர் மட்டும் போட்ட வெத்துப் பக்கங்களா பெல்லாவோட நாள் நகரும். அந்தப் பக்கங்களைப் புரட்டுறப்போ நெஞ்சை அடைக்கும். அனா அப்படியில்ல. முதல் பாகம் முடியிறப்போ, இது எனக்கு ஆகாதுன்னு அவளே கிளம்பிடுறா. சில நாள்லயே திரும்பிப் போனதுல எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் ரெண்டு தொடர்லயும் எனக்குப் பிடிச்ச இடம், அனா கிளம்பிப் போற அந்த இடம்தான்.