பொன்னி கேற்றடியில் படுக்கிறாள்

2023 பெப்ரவரி 5, ஞாயிறு

கைவிடப்பட்ட நாய்களை எடுத்து வீடு தேடிக் கொடுக்கிற என்னிடம் பொன்னி என்கிற இந்தப் பெட்டை நாய் வந்து இன்றோடு பத்து நாள். மட்டக்களப்பு நாவற்குடாவில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் கேற்றடியில் படுத்திருந்தாள். வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார்கள். அயலவர்கள் சோறு வைத்தார்கள், தின்றாள், ஆனால் அந்தக் கேற்றை விட்டு அசையவில்லை. 2022 இல் சாமான் விலை ஏறி, நாட்டை விட்டுப் போகிறவர்களும் கூடிய பிறகு இப்படி விடப்பட்ட வீட்டு நாய்களைத்தான் அதிகம் காண்கிறேன். தெருவில் பிறந்த நாய்க்குத் தெரு தெரியும். வாசலில் வைத்த சட்டியில் தின்று வளர்ந்ததற்குத் தெரியாது.

மிருக வைத்தியர் வாயைத் திறந்து பார்த்தார். முன்பற்கள் நன்றாகத் தேய்ந்திருக்கின்றன, பத்து வயது இருக்கும் என்றார். இரண்டு கண்ணிலும் நீலப் புகை மாதிரி ஒரு மங்கல். பூ விழுந்துவிட்டது என்றுதான் பயந்தேன். லைட் அடித்துப் பார்த்துவிட்டு, வயது போனால் கண்வில்லை இறுகி இப்படி நீலம் பாயும், பார்வை பெரிதாகக் குறையாது என்றார். ஓட்டோவில் திரும்பி வரும்போது அவளை மடியில் வைத்து அழுதுவிட்டேன்.

பெப்ரவரி 12, ஞாயிறு

சந்தையடியில் பெட்டிக்குள் கிடந்த மூன்று குட்டிகளின் படத்தோடு பொன்னியின் படத்தையும் போட்டேன். போன் ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி: "காவலுக்குக் கடுவன் குட்டி இருக்கா?" கடுவன் இரண்டுக்கும் இன்றே ஆள் வந்துவிட்டது. பெட்டைக் குட்டியை ஒருவரும் கேட்கவில்லை. பொன்னியைப் பற்றி ஒருவர் கேட்டார், குட்டி போடுமா என்று.

பெட்டை என்றால் வருசத்துக்கு இரண்டு தடவை சூட்டுக்கு வரும், வளவெல்லாம் குட்டியாகும் என்ற பயம்தான் அவற்றைப் பெட்டியில் வைத்துச் சந்தையில் விட வைக்கிறது. ஒரு கருத்தடையோடு தீருகிற பயம் அது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை 2006 இல் நிறுத்தினார்கள். அது சரியான முடிவு என்றே நம்புகிறேன். அதோடு சேர்ந்து நடக்கவேண்டிய கருத்தடை பல ஊர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

மார்ச் 4, சனி

போன வருசம் நான் விட்ட பிழையை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். போனில் நன்றாகக் கதைத்தார்கள் என்று வீட்டைப் பார்க்காமலே ஒரு குட்டியைக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் போனால், நிழலே இல்லாத இடத்தில் முழ நீளச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். கழுத்தெல்லாம் புண். கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு வீட்டைப் பார்க்காமல் ஒன்றையும் கொடுப்பதில்லை. வேலி அடைத்திருக்கிறதா, பகலில் ஆர் வீட்டில் நிற்பார்கள், வாடகை வீடென்றால் சொந்தக்காரருக்குச் சம்மதமா, எல்லாம் கேட்பேன். சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

இன்று பார்த்த கடுவன்கள் இரண்டும் சுகம். ஆரையம்பதிக்குப் போனது செருப்பு ஒன்றும் மிச்சம் விடவில்லையாம்.

மார்ச் 9, வியாழன்

இரண்டு நாளாகப் பொன்னி சோறு தொடவில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தாள். வெயிலுக்கு என்று நினைத்தேன். இன்று காலை பின்பக்கத்தில் சீழ். உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம். கருப்பைக்குள் சீழ் கட்டியிருக்கிறது, கருத்தடை செய்யாத வயதான பெட்டைகளுக்குச் சூடு முடிந்து சில கிழமைகளில் வருவது, பிந்தினால் உயிர் போகும் என்றார் வைத்தியர். பின்னேரமே கருப்பையை எடுத்துவிட்டார்கள்.

வயதான பெட்டை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். நாய் வழமைக்கு மாறாகத் தண்ணீர் குடித்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கவேண்டாம்.

மார்ச் 25, சனி

தையல் ஆறிவிட்டது. கல்லடியிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். பிள்ளைகள் கனடாவில், வீட்டில் தனியே இருக்கிறார். பெட்டைக் குட்டிதான் முதலில் ஓடிப்போய் அவர் சேலையை இழுத்தது. தடவிவிட்டு, "இது வேண்டாம் மகள்" என்றார்.

"குட்டி எடுத்தா பன்னிரண்டு, பதினைஞ்சு வருசம் இருக்கும். அதுக்குள்ள எனக்கு ஏதும் எண்டா அது தெருவுக்குத்தான் போகும். வயசான ஒண்டு இருந்தாச் சொல்லுங்க."

இத்தனை நாளும் பொன்னியை எடுக்கச் சொல்லி ஆட்களிடம் இரக்கத்தைத்தான் கேட்டிருக்கிறேன். அவளுடைய வயதே பொருத்தமான ஒரு வீடு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூட்டு நோவு, மாதாமாதம் உண்ணி மருந்து, வருசா வருசம் விசர் ஊசி, எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை வருசம் இருப்பாள் என்று கேட்டார். இரண்டோ நாலோ, அதைவிடக் குறையவும் கூடும் என்றேன். அவர் பொன்னிக்குப் பக்கத்தில், சீமெந்துத் தரையில், கனநேரம் இருந்தார்.

ஏப்ரல் 2, ஞாயிறு

கொண்டுபோய் விட்டேன். அவள் படுத்த சாக்கைக் கழுவாமலே கொடுத்தேன், மணம் இருக்கட்டும் என்று. சட்டியும் அதேதான். மூன்று நாள் பயம், மூன்று கிழமை பழக்கம், மூன்று மாதம் போனால்தான் வீடு என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதையே டீச்சருக்கும் சொன்னேன்: கூப்பிடவேண்டாம், கட்டிலுக்குக் கீழே போனால் விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 5, புதன்

முள் எடுத்த சூடை மீனும் சோறும் தின்றிருக்கிறாள். இரவு பதினொரு மணிக்கு டீச்சர் போன் எடுத்துச் சொன்னார்.

ஏப்ரல் 14, வெள்ளி

வருசப்பிறப்பு. விடியவே வெடி தொடங்கிவிட்டது. என்னிடம் உள்ளவை எல்லாம் அறைக்குள். பெட்டைக் குட்டி என் காலடியில் நடுங்குகிறது. அதற்கு இன்னும் வீடு அமையவில்லை.

பின்னேரம் கல்லடிக்குப் போனேன். வெடி ஓயும்வரை யன்னலை மூடி, ரேடியோவைச் சத்தமாகப் போட்டு, டீச்சர் அவளோடு இருந்திருக்கிறார். நான் போனபோது பொன்னி கேற்றடியில் படுத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பகீரென்றது. "ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்கு இங்கதான்" என்றார் டீச்சர். கேற்றுக்கு இந்தப் பக்கம், மாமரத்தடியில், ஒரு கதிரையும் தேத்தண்ணிக் கோப்பையும் இருந்தன.